வீட்ல எஃப்.எம்... ஸ்கூல்ல மியூட்!

உங்கள் அக்கா மகளுக்கு ஐந்து வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். யு.கே.ஜி. வாண்டு. வீட்டில் இருந்தால் எஃப்.எம். ரேடியோ தோற்றுப்போகும். காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பிக்கிற பேச்சு, ராத்திரி கண் சொருகும் வரை ஓயாது. "நிலா ஏன் நம்ம பின்னாடியே வருது?", "வால் அறுந்தா பல்லிக்கு வலிக்காதா?" என்று கேட்டே உங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

ஒருநாள் அக்காவுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. "பேரன்ட்ஸ் மீட்டிங்... நீ ஒரு எட்டு போயிட்டு வந்துடேன்" என்கிறாள். ஜாலியாகக் கிளம்புகிறீர்கள். டீச்சர் உங்களை உட்காரவைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க... பாப்பாவுக்குப் பேச வருமா?"

தூக்கிவாரிப் போடுகிறது. ஸ்கூலில் சேர்ந்து ஏழு மாதத்தில் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லையாம். அட்டெண்டன்ஸ் எடுத்தால் 'ப்ரெசென்ட் மிஸ்' கிடையாது. பக்கத்து சீட் பையன் பென்சிலைப் பிடுங்கினால்கூடச் சத்தம் கிடையாது. போன வாரம் பாத்ரூம் போகணும் என்று கேட்க முடியாமல் பெஞ்சிலேயே... அப்போதும் வாய் திறக்கவில்லை. அழவும் இல்லை. சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாளாம்.

திரும்பிப் பார்க்கிறீர்கள். வாசலில் நிற்கிறாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. காலையில் பல்லி வாலைப் பற்றி லெக்சர் அடித்த பாப்பாவா இது?

அதே பாப்பாதான். அவளுக்கு இருக்கும் பிரச்னைக்கு ஒரு பெயர் உண்டு. செலக்டிவ் மியூட்டிசம்.

பெயரிலேயே வில்லங்கம்!

'செலக்டிவ்' என்றதும் நமக்கு என்ன தோன்றும்? அவளே செலக்ட் பண்ணி, 'இவங்ககிட்ட பேசுவேன், அவங்ககிட்ட பேச மாட்டேன்' என்று முடிவெடுக்கிறாள் என்றுதானே? டாக்டர்களும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்தார்கள். 1877-ல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் இதற்கு வைத்த பெயரே 'வேண்டுமென்றே பேசாதிருத்தல்' என்ற அர்த்தத்தில்தான். 1934-ல் மோரிட்ஸ் டிராமர் வைத்த 'எலெக்டிவ் மியூட்டிசம்' என்ற பெயரும் கிட்டத்தட்ட அதே ரகம். பேசாமல் இருப்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கிறது என்று பொருள்.

1994-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் பெயரை 'செலக்டிவ்' என்று மாற்றியது. சில இடங்களில், சில மனிதர்கள் முன்னால் மட்டும் பேச்சு நின்றுபோகிறது என்பதைச் சொல்லத்தான் இந்த மாற்றம். 2013-ல் வந்த அதன் அடுத்த பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போய், இதைப் பதற்ற நோய்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் இதைப் பயம், பதற்றம் சார்ந்த பிரிவில்தான் வைத்திருக்கிறது.

ஆக, மருத்துவ உலகம் நூறு வருஷத்துக்கு மேல் சுற்றிவிட்டு வந்து சேர்ந்த இடம் இதுதான்: இந்தக் குழந்தை பேச மறுக்கவில்லை. பயத்தில் பேச முடியாமல் நிற்கிறது.

ஆனால் நம் ஊர்? இன்னும் 1877-லேயே இருக்கிறது! 'அமுக்குணி', 'அழுத்தக்காரி', 'கல்லுளிமங்கன்', 'ஊமைக்குசும்பு'... பேசாத குழந்தைக்கு நம்மிடம் எத்தனை பட்டங்கள்! எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தம்தான்: 'இது வேணும்னே பண்ணுது.'

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரர், திருச்செந்தூர் முருகன் அருளால் பேசினார் என்ற கதையைத் தமிழ் வகுப்பில் படித்திருப்பீர்கள். எங்கேயுமே பேசாத குழந்தையின் கதை அது. நாம் இங்கே பார்க்கும் குழந்தை அப்படி இல்லை. வீட்டில் பிரமாதமாகப் பேசும். வெளியில்தான் குரல் வராது. அதனால் நாக்கில் வசம்பு தடவினாலும் பிரயோஜனம் இல்லை. பிரச்னை நாக்கில் இல்லையே!

டாக்டர்கள் பார்க்கிற முக்கியமான விஷயங்கள் இவைதான். சில இடங்களில் நன்றாகப் பேசுகிற குழந்தை, பேசவேண்டிய வேறு சில இடங்களில் தொடர்ந்து பேசுவதே இல்லை. குறைந்தது ஒரு மாதமாவது இப்படி இருக்கவேண்டும். ஸ்கூலில் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். புது இடம், புது முகம், எந்தக் குழந்தைக்கும் அப்படி இருக்கலாம். அந்த மொழி தெரியாததால் பேசவில்லை என்றால் அதுவும் இதில் சேராது. இதனால் படிப்போ பழக்கவழக்கமோ பாதிக்கப்பட வேண்டும். இத்தனையும் பொருந்தினால்தான் செலக்டிவ் மியூட்டிசம்.

பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே ஆரம்பித்துவிடும். ஆனால் ஸ்கூலில் சேர்த்த பிறகுதான் வெளியே தெரியும். வீட்டில் இருப்பவர்களுக்கு சந்தேகமே வராது. எப்படி வரும்? அவர்கள் பார்ப்பது வாயாடியை! டீச்சருக்கும் புரியாது. அவர் பார்ப்பது மௌனத்தை மட்டும்தானே. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லாமல் வருஷங்கள் ஓடிவிடும்.

கூச்சத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கூச்சப்படுகிற குழந்தை அரை மணி நேரத்தில், இல்லாவிட்டால் ரெண்டு வாரத்தில் பழகிவிடும். இந்தக் குழந்தைக்கு மாதக்கணக்கில் பழகின டீச்சரிடமும் குரல் வராது. சிலர் தலையை ஆட்டுவார்கள், விரலை நீட்டிக் காட்டுவார்கள். சிலருக்கு அதுவும் வராது, உடம்பே விறைத்துப்போகும்.

எத்தனை குழந்தைகளுக்கு இருக்கும்? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸில் கிண்டர்கார்டன் முதல் இரண்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2002-ல் வெளியானது. அதில் கிடைத்த கணக்கு 0.71 சதவிகிதம். அதாவது ஆயிரம் குழந்தைகளில் ஏழு பேர். ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளிடம் கொஞ்சம் அதிகம். வீட்டில் ஒரு மொழி, ஸ்கூலில் வேறு மொழி என்று புது நாட்டில் வளரும் குழந்தைகளிடமும் அதிகம் என்கின்றன ஆய்வுகள். வெளிநாட்டில் செட்டிலான உங்கள் சொந்தக்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். புது மொழி புரிகிற வரை குழந்தை சில மாதம் பேசாமல் இருப்பது சகஜம்தான். ஆனால் தெரிந்த மொழியிலும், தமிழ்க் குழந்தைகளிடம்கூட, அங்கே வாய் திறக்கவில்லை என்றால் யோசிக்கவேண்டும்.

தொண்டைக்குள் என்ன நடக்கிறது?

உங்கள் முதல் செமினார் ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி முழுக்கக் கண்ணாடி முன்னால் ரிகர்சல். மேடை ஏறியதும் தொண்டை வறண்டு, 'குட்மார்னிங்' மட்டும் காத்தாக வந்ததே! நீங்கள் வேண்டுமென்றா செய்தீர்கள்? உங்களுக்கு அது ஐந்து நிமிஷ அவஸ்தை. அந்தக் குழந்தைக்கு அட்டெண்டன்ஸில் ஆரம்பித்து லாங் பெல் வரை தினமும் அதுதான்.

தெருநாய் துரத்தினால் ஒருத்தர் ஓடுவார், ஒருத்தர் கல்லை எடுப்பார், ஒருத்தர் அப்படியே உறைந்து நிற்பார். யாரும் யோசித்து முடிவெடுப்பதில்லை, மூளையின் அபாய மணி அடித்ததும் உடம்பு தானாகச் செய்கிற வேலை அது. பிறவியிலேயே கொஞ்சம் தயங்கும் சுபாவத்தோடு சில குழந்தைகள் பிறக்கின்றன. குடும்பத்தில் வேறு யாருக்காவதும் அதிகக் கூச்சமோ பதற்றமோ இருக்கலாம். இப்படிப்பட்ட குழந்தைக்கு, "உன் பேர் என்ன?" என்ற சாதாரணக் கேள்வியே அபாய மணியை அடித்துவிடுகிறது. 'சின்ன வயசுல ஏதோ பயங்கரமா நடந்திருக்கு' என்று சினிமா ஃப்ளாஷ்பேக் தேடாதீர்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படி ஒன்றும் இருக்காது.

அந்த மூணு செகண்ட்!

கல்யாண மண்டபம். பட்டுப்புடவை ஆன்ட்டி ஒருவர் குனிந்து கேட்கிறார், "குட்டி, உன் பேர் என்னம்மா?"

ஒரு செகண்ட்... ரெண்டு செகண்ட்... மூணு செகண்ட். பாப்பா உறைந்து நிற்கிறாள். ஆன்ட்டியின் சிரிப்பு மாறுகிறது. அக்காவுக்குச் சங்கடம். சட்டென்று அவளே பேரைச் சொல்லிவிடுகிறாள். ஆன்ட்டிக்கு நிம்மதி, அக்காவுக்கு நிம்மதி. பாப்பாவுக்கோ பெரிய நிம்மதி!

இங்கேதான் சிக்கல். அந்த நிம்மதியில் பாப்பாவின் மூளை ஒரு பாடம் படித்துவிட்டது: 'பேசாம நின்னா போதும், பயம் போயிடும்.' இதே பாடம் நூறு தடவை ரிப்பீட் ஆனால் என்ன ஆகும்? மௌனம் பழகிப்போகும்.

சரி, அக்கா பதில் சொல்லாமல் விரட்டினால்? "சொல்லுடி... வாயில என்ன கொழுக்கட்டையா? பேசினாத்தான் சாக்லேட்!" மண்டபமே திரும்பிப் பார்க்கும். பயம் இரண்டு மடங்காகும். பயம் கூடினால் தொண்டை இன்னும் இறுகும்.

ஆக, விரட்டினாலும் தப்பு, உடனே காப்பாற்றினாலும் தப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது. அதில் அவளோடு நடந்துபோக ஓர் ஆள் வேண்டும். அது ஏன் நீங்களாக இருக்கக்கூடாது? சித்தியோ, மாமாவோ, பக்கத்து வீட்டு அண்ணனோ, சாயந்தரம் டியூஷன் எடுக்கிற அக்காவோ... அம்மா அப்பாவுக்கு இருக்கிற டென்ஷன் உங்களுக்கு இல்லை. அதுதான் உங்கள் ப்ளஸ்!

நீங்க என்ன செய்யலாம்?

* கேள்வியைக் குறையுங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து முகத்தையே பார்க்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவள் செய்வதை கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி சொல்லிக்கொண்டிருங்கள். "அடேங்கப்பா, யானைக்குப் பச்சை கலரா! காதுக்கு ஊதா வேற!" பதில் எதிர்பார்க்காத பேச்சுதான் அவளுக்குப் பாதுகாப்பு.

* கொஞ்சம் சகஜமான பிறகு, 'இதுவா, அதுவா' என்று கேளுங்கள். "ஜூஸ் வேணுமா?" என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடலாம். "மாம்பழ ஜூஸா, சாத்துக்குடியா?" என்றால் ஒரு வார்த்தைக்கு இடம் இருக்கிறது.

* கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த ஐந்து செகண்டும் அவளுடையது. நடுவில் புகுந்து பதில் சொல்லாதீர்கள். பதில் வரவில்லையா? முகத்தைத் தொங்கப்போடாமல், "கையால காட்டு, ஓகே" என்று நகர்ந்துவிடுங்கள்.

* முதல் வார்த்தை வந்துவிட்டதா? கைதட்டி, ஊரைக் கூட்டி, அக்காவுக்கு போன் போட்டு அமர்க்களம் பண்ணாதீர்கள். வந்த குரல் திரும்பி ஓடிவிடும். சாதாரணமாகப் பேச்சைத் தொடருங்கள்.

* அவள் காதுபட "இவ பேச மாட்டா" என்று யாரையும் சொல்லவிடாதீர்கள். யாராவது கேட்டால், "இப்ப பார்த்துட்டிருக்கா, தோணும்போது பேசுவா" என்று சொல்லுங்கள். முதல் வாக்கியம் கதவைச் சாத்துகிறது. இரண்டாவது லேசாகத் திறந்து வைக்கிறது.

ஸ்கூல் என்ன செய்யலாம்?

முதல் வேலை, பாத்ரூம். மேஜையில் ஒரு கலர் அட்டை. அதைத் தூக்கிக் காட்டினால் போகலாம், அவ்வளவுதான். அட்டெண்டன்ஸுக்குக் கையைத் தூக்கினால் போதும். ரைம்ஸ் ஒப்பிக்கவேண்டுமா? வீட்டில் செல்போனில் ரெக்கார்ட் பண்ணிக் கொண்டுவரட்டும். இதெல்லாம் செல்லம் கொடுப்பது இல்லை, கால் உடைந்த பையனை ஓட்டப்பந்தயத்தில் விடாமல் இருப்பது மாதிரிதான். கூடவே அடுத்த படியையும் யோசிக்கவேண்டும்.

அந்தப் படிக்கு ஓர் அருமையான முறை இருக்கிறது. பிரிட்டனில் மேகி ஜான்சன், அலிசன் வின்ட்ஜென்ஸ் என்ற இரண்டு பேச்சு சிகிச்சை நிபுணர்கள் 2001-ல் இதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டார்கள். அதில் வரும் முறைக்கு 'ஸ்லைடிங் இன்' என்று பெயர். மெதுவாக நுழைவது என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர் பல்லாங்குழியை வைத்தே இதைச் சொல்லிப்பார்ப்போம். ஸ்கூல் விட்ட பிறகு ஒரு காலி வகுப்பறை. அம்மாவும் பாப்பாவும் மட்டும் சோழியை எண்ணி எண்ணிப் போடுகிறார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு... கதவு சாத்தியிருக்கிறது. குரல் தாராளமாக வருகிறது. டீச்சர் வெளியே நிற்கிறார். அடுத்த தடவை கதவு கொஞ்சம் திறந்திருக்கும். அதற்கடுத்து டீச்சர் உள்ளே வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நோட்டு திருத்துவார். பிறகு கொஞ்சம் பக்கத்தில். பிறகு ஆட்டத்தில் அவரும் ஒரு கை. அம்மா 'ஒண்ணு', பாப்பா 'ரெண்டு', டீச்சர் 'மூணு'. கடைசியில் அம்மா மெல்ல எழுந்து வெளியே போவார். பாப்பா டீச்சரோடு எண்ணிக்கொண்டிருப்பாள்.

ஒவ்வொரு படியும் பாப்பாவுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும், சர்ப்ரைஸ் கூடாது. ஒரு படியில் குரல் நின்றுபோனால் முந்தைய படிக்குத் திரும்பவேண்டும். அவசரமே இல்லை.

டாக்டர் வேணுமா?

ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடித்தால் கண்டிப்பாகக் காட்டவேண்டும். 'வளர்ந்தா சரியாயிடும்' என்று தள்ளிப்போடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வருஷம் போகப்போக 'பேசாத பொண்ணு' என்பதே அவளுடைய அடையாளம் ஆகிவிடும். பிறகு அவளே தைரியம் வந்து பேசினாலும், "டேய், அவ பேசிட்டாடா!" என்று மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும். அந்த ஒரு கத்தலுக்குப் பயந்தே பேசாமல் இருந்துவிடுவாள்.

காது கேட்கும் திறனையும், பேச்சு வளர்ச்சியையும் முதலில் பரிசோதிப்பார்கள். அங்கே போகும்போது, வீட்டில் அவள் லொடலொட என்று பேசுகிற வீடியோ ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். ஏனென்றால் டாக்டர் முன்னாலும் அவள் பேசமாட்டாள்! குழந்தைகள் மனநல மருத்துவர், உளவியல் நிபுணர், பேச்சு சிகிச்சை நிபுணர் ஆகியோர் உதவுவார்கள். படிப்படியான பயிற்சிதான் முக்கிய சிகிச்சை. அது மட்டும் போதாத சிலருக்கு டாக்டர் மருந்தும் தருவதுண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூரு நிமான்ஸில் குழந்தைகளுக்கென்றே தனி மனநலத் துறை உண்டு. எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லையா? 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416-க்கு போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ராஜும் கிரேட்டாவும்

'தி பிக் பேங் தியரி' சீரியல் பார்த்திருக்கிறீர்களா? 2007 முதல் 2019 வரை வந்தது. அதில் வருகிற ராஜ் என்ற இந்திய விஞ்ஞானிக்குச் செலக்டிவ் மியூட்டிசம் என்று காட்டுவார்கள். பெண்கள் எதிரே வந்தால் குரல் போய்விடும், ஒரு கிளாஸ் மது உள்ளே போனால் வந்துவிடும். சிரிக்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் நிஜம் அப்படி இல்லை. ஆண், பெண் என்று பார்த்து வருவதில்லை இந்தப் பயம். மது இதற்கு மருந்தும் இல்லை.

நிஜ உதாரணம் வேண்டுமா? பருவநிலை மாற்றத்துக்காக 2018 ஆகஸ்டில் ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் முன்னால் தன்னந்தனியாக உட்கார்ந்தாளே ஒரு பள்ளிச் சிறுமி, கிரேட்டா துன்பர்க். தனக்கு ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம், ஓ.சி.டி. ஆகியவற்றோடு செலக்டிவ் மியூட்டிசமும் இருப்பதாக டாக்டர்கள் கண்டறிந்தார்கள் என்று, அதே வருஷம் ஸ்டாக்ஹோமில் ஒரு மேடையில் கிரேட்டாவே சொன்னார். அதன் பிறகு உலகத் தலைவர்களை எதிரே வைத்துக்கொண்டு அவர் பேசியதை எல்லோரும் கேட்டோம். எல்லாக் குழந்தையும் கிரேட்டா ஆகவேண்டும் என்று சொல்லவரவில்லை. பேச்சு வெளியே வரவில்லை என்பதற்காக, உள்ளே சொல்ல ஒன்றும் இல்லை என்று அர்த்தம் கிடையாது. அவ்வளவுதான் பாயின்ட்.

உங்க க்ளாஸ்லயும்...

செலக்டிவ் மியூட்டிசம் குழந்தைப் பருவத்தோடு எல்லோருக்கும் முடிந்துவிடுவதில்லை. சிலருக்கு டீன்ஏஜிலும் அதற்குப் பிறகும் தொடரும். சிலருக்குப் பேச்சு வந்துவிட்டாலும், கூட்டத்தைக் கண்டால் பதறுகிற பயம் மட்டும் தங்கிவிடும்.

அதனால், மூணு வருஷமாக வாயே திறக்காத அந்தக் கடைசி பெஞ்ச் மாணவியை 'ஹெட்வெயிட்' என்று முத்திரை குத்துமுன் ஒரு நிமிஷம். எல்லா அமைதிசாலிக்கும் இந்தப் பிரச்னை இருக்கிறது என்று கிளம்பிவிடவும் வேண்டாம். கேன்டீனில் பக்கத்தில் உட்காருங்கள். மெசேஜில் பேச வசதியாக இருந்தால் மெசேஜில் பேசுங்கள். வைவாவில் திணறுகிறாள் என்றால், அவளிடம் கேட்டுக்கொண்டு, புரிந்துகொள்கிற லெக்சரரிடம் சொல்லுங்கள்.

ஒருவேளை அந்தக் கடைசி பெஞ்ச் ஆசாமி நீங்களேதானா? உங்களுக்குத் திமிரும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. பதற்றத்தைப் படிப்படியாகக் குறைக்கிற உளவியல் சிகிச்சை பெரியவர்களுக்கும் உண்டு. போன் பண்ணத் தயக்கமா? நம்பிக்கையான ஒருத்தரிடம் இந்தப் பக்கத்தை நீட்டுங்கள். மீதியை அவர் பேசட்டும்.

மறுபடியும் பாப்பாவிடம் வருவோம். ஞாயிற்றுக்கிழமை மதியம். உங்கள் காலேஜ் ஃப்ரெண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து தாயம் ஆடுகிறீர்கள். பாப்பாவுக்கு அவர் புது முகம். அதனால் வழக்கம்போல மௌனம். நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஃப்ரெண்டிடமும் முன்பே சொல்லிவைத்திருக்கிறீர்கள்.

நாலாவது ஞாயிறா, பத்தாவது ஞாயிறா, தெரியாது. ஒருநாள் உங்கள் ஃப்ரெண்டு ஞாபக மறதியில் இரண்டாவது தடவையும் கட்டையை எடுக்கும்போது, காற்று மாதிரி ஒரு குரல் கேட்கும்.

"இது என் ஆட்டம்."

கைதட்டாதீர்கள். அக்காவைக் கூப்பிடாதீர்கள். தாயக்கட்டையை அவள் கையில் கொடுங்கள்.

ஆட்டம் அவளுடையது!